கல்லாகிப்போன ரப்பர்: பழைய ஷாட்கன்னின் ரீகாயில் பேடை என்ன செய்வது?

பென்சில்வேனியாவில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். நான் ரப்பர் சீல், ஓ-ரிங் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு நீளமான பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அவருடைய அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த், 12 போர். முதலில் குழலை மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எனக்குக் காட்டினார். பிறகு கட்டையின் பின்நுனியைத் திருப்பிக் காட்டி, "இது ரப்பர்தானே, உங்க டிபார்ட்மென்ட். இதை உயிர்ப்பிக்க முடியுமா?" என்று கேட்டார்.

பின்நுனியில் இருந்தது ஒரு ரீகாயில் பேட். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் அல்லவா, அந்த உதையைத் தோள் தாங்குவதற்காகக் கட்டையின் முனையில் திருகிவைக்கிற ரப்பர் மெத்தை. மெத்தை என்று சொல்லிவிட்டேனே தவிர, அது மெத்தையாக இருந்து பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். நகத்தால் தட்டினால் டக் டக் என்று மரச் சத்தம். கீழ்முனையில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. முகம் முழுக்க வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. மறுநாள் கடினமானியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். ஷோர் ஏ அளவில் 90-ஐத் தாண்டியது. கார் டயரே 65 பக்கம்தான் இருக்கும்.

அவருக்கு அவசரம் இருந்தது. பேத்திக்குப் பதினாறு வயது. களிமண் தட்டு சுடும் போட்டிகளில் ஆர்வம். தன் அப்பாவின் துப்பாக்கியை அவள் சுட வேண்டும் என்பது இவர் ஆசை. ஆனால் இந்தப் பேடோடு சுட்டால் தோளில் செங்கல்லை வைத்து இடிப்பதற்குச் சமம். பேடை மாற்றிவிடலாம். மாற்றினால் அப்பா வைத்துப் பழகியது போய்விடும். இந்த இழுபறியில்தான் என்னிடம் வந்தார். அன்றைக்கு ஆரம்பித்த தேடலும், நான் செய்த ஒரு முட்டாள்தனமும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் உதை எவ்வளவு என்று பார்ப்போம். சாதாரண 12 போர் தோட்டாவில் சுமார் 32 கிராம் ரவை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 365 மீட்டர் வேகத்தில் வெளியே போகிறது. கூடவே அடைப்பானும் மருந்தின் புகையும் போகின்றன. முன்னால் போகிற உந்தம் எவ்வளவோ, அவ்வளவு பின்னாலும் வர வேண்டும். 3.2 கிலோ எடையுள்ள துப்பாக்கி வினாடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் தோளை நோக்கி வரும். இந்தக் கணக்கை எந்தப் பேடாலும் மாற்ற முடியாது. பேட் செய்வதெல்லாம் அந்த 3.2 கிலோ வந்து நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொடுப்பதுதான். அமுங்கி, மெதுவாக நிறுத்துகிறது. உள்ளங்கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே கிரிக்கெட் பந்தைப் பிடிப்பதில்லையா, அதே வேலை. அமுங்காத பேட் இந்த வேலையைச் செய்யாது. அதனால் கல்லாகிவிட்ட பேட் இருப்பதும் இல்லாததும் தோளைப் பொறுத்தவரை ஒன்றே.

ரப்பர் ஏன் கல்லாகிறது? நம் வீடுகளில் எல்லாரும் பார்த்ததுதான். ரேஷன் கார்டைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்டு சில வருடம் கழித்துப் பிசுபிசுவென்று அட்டையில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் சில வருடம் விட்டால் காய்ந்து, தொட்டதும் நொறுங்கும். இரண்டுக்கும் காரணம் காற்றில் இருக்கிற ஆக்சிஜன்தான். இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கிற நீளச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதுதான் பலவீனமான இடம். ஆக்சிஜன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சில சங்கிலிகளை வெட்டுகிறது. அப்போது ரப்பர் பிசுபிசுக்கும். வேறு இடங்களில் பக்கத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு ஏற ஏற ரப்பர் இறுகும். கந்தகம் சேர்த்து வேகவைக்கிற வல்கனைசேஷனில் நாம் வேண்டுமென்று போடுவதும் இதே மாதிரி முடிச்சுதான், அளவோடு. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1844-இல். பழைய ரப்பரில் அந்தச் சமையல் நூறு வருடமாக, யாரும் அடுப்பை அணைக்காமல், நடந்துகொண்டே இருக்கிறது.

ஓசோன் இன்னொரு எதிரி. அது இழுபட்டு நிற்கிற ரப்பரைத்தான் குறிவைக்கும். இழுவிசைக்குக் குறுக்காக வெடிப்பு விழும். திருகைச் சுற்றிலும், பேடின் ஓரங்களிலும் வெடிப்பு அதிகமாக இருப்பது இதனால்தான். மின் மோட்டார்கள் கொஞ்சம் ஓசோனைக் கக்கும். அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி அலமாரி பெரும்பாலும் நிலவறையில், ஈரம் உறிஞ்சும் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவது எதிரி, துப்பாக்கிக்கு நல்லது செய்வதாக நினைத்து நாம் ஊற்றுகிற எண்ணெய். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிப் பதம் கெடும். துப்பாக்கியை நிற்கவைத்தே வருடக்கணக்கில் விட்டால், இயந்திரப் பகுதியில் போட்ட எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, கட்டை வழியாகக் கீழே வரும். பழைய கட்டைகளின் கழுத்துப் பகுதி கறுத்து, மரம் சோளப்பொரி மாதிரி மிருதுவாகியிருக்கும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் சுத்தம் செய்தபின் சில நாள் குழலைக் கீழே பார்க்க வைத்து நிறுத்துகிறார்கள்.

இனி கொஞ்சம் வரலாறு. இந்தப் பேட் யோசனை அமெரிக்காவில் பிறந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் எஸ். டபிள்யூ. ஸில்வர் என்ற கம்பெனி பேர்போனது. இந்தியா போன்ற காலனிகளுக்குக் கப்பலேறுகிறவர்களுக்குத் துணிமணி முதல் மேசை நாற்காலி வரை கட்டிக்கொடுத்தவர்கள். 1850-களில் அவர்கள் கிழக்கு லண்டனில் தேம்ஸ் கரையில் ரப்பர் ஆலை வைத்த இடத்துக்கு ஸில்வர்டவுன் என்றே பெயர் வந்து, இன்றைக்கும் அதே பெயர்தான். அவர்கள் பெயரில் வந்த ஸில்வர்ஸ் பேட், ஆரஞ்சும் செங்கல் நிறமும் கலந்த ரப்பர், உயர்ந்த ஆங்கிலத் துப்பாக்கிகளில் ஓர் அடையாளமே ஆகிவிட்டது. அன்றைய ரப்பர் அமேசான் காட்டு மரங்களில் கீறி எடுத்தது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதை கொண்டுவந்து, அதன் நாற்றுகள் இலங்கை ஹெனரத்கொடைக்குப் போய்ச் சேர்ந்ததே 1876-இல்தான். அதற்கப்புறம் பல வருடம் கழித்தே தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்தது. ஆக, ஆரம்பகால ஸில்வர்ஸ் பேட் ஒன்றைக் கையில் எடுத்தால், நீங்கள் தொடுவது காட்டு ரப்பர்.

அமெரிக்காவில் ஜோஸ்டம், ஹாக்கின்ஸ் என்று பல பேட்கள் வந்தன. முகத்தில் பெயரை அச்சாகப் பதித்திருப்பார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் ஃப்ராங்க் பாக்மயர் என்ற துப்பாக்கிக் கம்மியரின் பேட். ரப்பருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிற அந்த மாடலை, பழைய துப்பாக்கி பார்ப்பவர்கள் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். 1910-இல் செய்த துப்பாக்கியில் வெள்ளைக் கோடு இருந்தால், பின்னால் யாரோ கட்டையை அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அறுப்பதுதான் இதில் பெரிய விஷயம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் ஆரம்பத்தில் பேடே கிடையாது. மரத்திலேயே கட்டம் கட்டமாகச் செதுக்கிய முனை, இல்லாவிட்டால் கொம்பு, எபோனைட், எஃகுத் தகடு. விசையிலிருந்து கட்டையின் பின்நுனி வரை உள்ள நீளம், சுடுகிறவரின் கைக்கும் கழுத்துக்கும் தக்கபடி இருக்க வேண்டும். வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு அங்குலப் பேடை அப்படியே ஒட்டினால் 15-ஐத் தாண்டும். ஆகவே ஒரு அங்குல மரத்தை அறுத்து எறிவார்கள். பேடை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். அறுத்த மரம் திரும்பாது. விலையில் எவ்வளவு குறையும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், ஆனால் குறையும்.

பெரியவரின் ஃபாக்ஸில் குழலின் பக்கத்தில் ஃபிலடெல்ஃபியா என்றே முத்திரை. ஸாவேஜ் கம்பெனி 1929-இல் ஃபாக்ஸை வாங்கி, வேலையை நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவுக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால் இது அதற்கு முந்தையது. ஸ்டெர்லிங்வொர்த் ஃபாக்ஸின் மலிவான வரிசை. பெரும்பாலும் எபோனைட் தகட்டோடுதான் வரும். ஆக இந்தப் பேட் பின்னால் வைத்தது, மரம் ஏற்கெனவே அறுபட்டாகிவிட்டது.

பேடின் ஓரத்தைக் கவனித்தால் துப்பாக்கியின் கதை இன்னும் கொஞ்சம் தெரியும். பேடைப் பொருத்தும்போது மரத்தோடு மட்டமாகத் தேய்த்திருப்பார்கள். இன்றைக்கு ரப்பர் மரத்தைவிடச் சின்னதாக உள்வாங்கியிருந்தால், ரப்பர் சுருங்கியிருக்கிறது, அது வயசின் வேலை. அதற்கு மாறாக, ரப்பர் மரத்தைத் தாண்டிச் சுற்றிலும் துருத்திக்கொண்டிருந்தால் சுருங்கியது மரம்தான். அதாவது யாரோ கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இந்த ஃபாக்ஸில் ரப்பர் உள்வாங்கியிருந்தது. மரம் அப்படியே இருந்தது. பெரியவருக்கு அதில் சந்தோஷம்.

இப்போது என் முட்டாள்தனம். பிரிண்டர் உருளைகளை மறுபடி மென்மையாக்க ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. விண்டர்கிரீன் தைலமும் சைலீனும் கலந்த கரைசல். வலிக்குத் தடவும் தைல வாசனையடிக்கும். இணையத்தில் இதைப் பேடுக்கும் சிபாரிசு செய்கிறவர்கள் உண்டு. சைலீன் ரப்பரை உப்பவைக்கும் என்பது எனக்குத் தொழில்ரீதியாகவே தெரியும். தெரிந்தும் செய்தேன். பெரியவர் நம்பிக்கொடுத்த பொருள் என்பதால் சும்மா திருப்பிக்கொடுக்க மனசு வரவில்லை, ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்ற அரிப்பு. நல்லவேளை, பேடைக் கழற்றித்தான் ஊறவைத்தேன். மரத்தின் மேல் பட்டிருந்தால் பூச்சும் போயிருக்கும்.

காலையில் பார்த்தபோது அற்புதம் மாதிரி இருந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கியது! பெரியவருக்குப் போன்கூடச் செய்துவிட்டேன். இரண்டு நாளில் பேட் அகலத்திலும் நீளத்திலும் உப்பி, கட்டையைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டு வாரத்தில் கரைப்பான் ஆவியாகிப் போனது. போகும்போது ரப்பருக்குள் மிச்சம் இருந்த எண்ணெய்ப் பசையையும் கரைத்து எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பேட் முன்பைவிடச் சின்னதாக, முன்பைவிடக் கடினமாக, புது வெடிப்புகளோடு வந்து நின்றது. முகத்தில் பதித்திருந்த கம்பெனிப் பெயரில் பாதி எழுத்து மங்கிவிட்டது. ஆக்சிஜன் போட்ட முடிச்சுகளை எந்தத் தைலமும் அவிழ்க்காது. சங்கிலிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நாள் ஏமாற்றும், அவ்வளவுதான். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

பழைய பேடை வைத்திருக்க நினைக்கிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஈரத்துணியில் லேசாகச் சோப்பு தொட்டுத் துடைக்கலாம். பெட்ரோல், கார் டாஷ்போர்டு பாலிஷ், பிரேக் கிளீனர் எதுவும் வேண்டாம். வெயிலும் சூடும் படாமல், மோட்டார்களுக்குத் தூரமாக வைக்க வேண்டும். பேடின் முகம் தரையில் அழுந்தாதபடி நிறுத்த வேண்டும். கழற்றிய பேடாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1990-களில் ரப்பர்ப் பொருள்களைக் காற்றுப் புகாத பைகளில், ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்துப் பரிசோதித்தார்கள். உணவுப் பாக்கெட்டுக்குள் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, அதே ரகம். அது பழையதை மீட்காது, மேற்கொண்டு கெடுவதைத் தள்ளிப்போடும். உடைந்த முனையை நிரப்ப நிறம் கலந்த சிலிக்கோன் போதும், பின்னால் உரித்தெடுக்கவும் முடியும். சுடாமல் மாட்டி வைக்கிற துப்பாக்கிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் கட்சி.

சுடுவதாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதிலும் கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். திருகுகள் ரப்பருக்குள் புதைந்திருக்கும், முகத்தில் இரண்டு மெல்லிய கீறல் மட்டும் தெரியும். சில ஸில்வர்ஸ் பேட்களில் திருகின் மேல் ரப்பர் அடைப்பான் இருக்கும். உருண்டையான தண்டுள்ள திருப்புளியில் சோப்பு தடவி, கீறல் வழியாக மெதுவாக இறக்க வேண்டும். பட்டையான தண்டு ரப்பரைக் கிழித்துவிடும். இறுகிய ரப்பர் விரியாது, அதனால் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டினோம். அந்தக் காலத்துச் சிவப்பு ரப்பரில் ஆன்டிமனி சல்ஃபைடு கலப்பது வழக்கம். ஆகவே பழைய பேடை உப்புத்தாளில் தேய்க்க நேர்ந்தால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

நான் ஊறவைப்பதற்கு முன்னால், பேடைக் கழற்றிய அன்று, உள்ளே மரத்தின் அறுத்த முகத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன மரத்தில் 14¼ என்ற எண், பக்கத்தில் இரண்டு எழுத்து. பெரியவரின் அப்பாவுடைய முதலெழுத்துகள். அந்தக் கம்மியர் அவரை நிற்கவைத்து அளந்து எழுதியிருக்கிறார். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் கையை நீட்டி முழங்கையிலிருந்து விரல் வரை பார்த்தார். அப்பா தன்னைவிட உயரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

அந்த எண்தான் வழியும் காட்டியது. 14¼-இல் பேட் ஒரு அங்குலம், மரம் 13¼. பேத்தியை ஒரு கம்மியரிடம் அழைத்துப்போய் அளந்ததில் அவளுக்கு 13¾ போதும் என்றார். அரை அங்குல மெல்லிய பேட் போட்டால் சரியாக 13¾! மரத்தில் ஒரு இழைகூட அறுக்க வேண்டாம். முதலில் போன கடையில், புதுப் பேடின் அடித்தகட்டை மட்டமாக உட்கார வைக்க, மரத்தைக் கொஞ்சம் 'நேராக்கிவிடலாம்' என்றார்கள். நேராக்கினால் பென்சில் எழுத்து போய்விடும். அங்கிருந்து துப்பாக்கியோடு வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கம்மியர் பொறுமைசாலி. முதலில் துப்பாக்கி முழுவதையும் சோதித்தார். அந்தக் காலத்துத் தோட்டா அறைகள் பல, இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவைவிடக் குட்டையாக வெட்டப்பட்டவை. அதை அளக்காமல் கடையில் வாங்கிய தோட்டாவைப் போடக் கூடாது. அதற்கப்புறம்தான் பேடுக்கு வந்தார். பழைய பாணியில் செய்த சிவப்புப் பேட் ஒன்றை எடுத்தார். கட்டையின் விளிம்பை ஊசியால் அதன் அடித்தகட்டில் கோடாகக் கீறிக்கொண்டு, பேடைத் தனியாக ஒரு சட்டத்தில் பிடித்து, கட்டையின் அடிக்கோடு எந்தச் சாய்வில் போகிறதோ அதே சாய்வில் பெல்ட் சாண்டரில் தேய்த்தார். துப்பாக்கியில் மாட்டியபடியே தேய்த்தால் என்னதான் டேப் ஒட்டினாலும் மரப்பூச்சில் கீறல் விழாமல் இருக்காது. பழைய திருகு ஓட்டைகளோடு புதுப் பேடின் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. பழையதை ஆப்பு வைத்து அடைக்காமல் அப்படியே விட்டு, ஒரு விரற்கடை தள்ளிப் புது ஓட்டை போட்டார். நாளைக்கு யாராவது பழைய அளவுக்குத் திரும்ப விரும்பினால் அந்த ஓட்டைகள் வேண்டும். பென்சில் எழுத்தின் மேல் மெல்லிய மெழுகுத்தாளை வெட்டி வைத்துத்தான் பேடை முடுக்கினார்.

இந்த வசந்தத்தில் பேத்தி முதல்முறை அதை வைத்துச் சுட்டாள். 25 தட்டில் 14. தோளில் சிவப்புத் தடம் இல்லை என்று காட்டினாள். பழைய பேடும் அதன் இரண்டு திருகும் ஆக்சிஜன் உறிஞ்சியோடு ஒரு பையில், துப்பாக்கி அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. பையின் மேல் பெரியவர் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். கழற்றிய தேதி, அப்பாவின் அளவு, கடைசி வரியில் பேட் இந்த நிலைக்கு வந்த காரணம். அந்த வரியில் என் பெயர் இருக்கிறது.